மெத்தைக்காரர் மனைவியின் முதுகு

குழந்தை அழுதுகொண்டிருந்தான்.

கம்பி போட்ட சின்னக் கட்டிலுக்குள் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மேலே நீட்டி, கண்ணும் மூக்கும் ஒன்றாகும்படி அழுதான். அவள் கட்டிலோரம் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினாள். "இதோ வந்துட்டாங்க அம்மா… இதோ, இதோ…" என்றாள். பேரன் கிலுகிலுப்பையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்து, கைகளை இன்னும் உயரமாக நீட்டினான். அந்தக் கைகளுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குளியலறைத் தாழ்ப்பாள் படாரென்று விலகியது. ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டே மருமகள் ஓடி வந்தாள். காதோரத்தில் சோப்பு நுரை அப்படியே இருந்தது.

"ஏன் அத்தை… உடம்புல தண்ணி கூட முழுசா ஊத்தல நான். எவ்வளவு நேரமா கத்தறான்! தூக்கினா உங்க கை தேஞ்சா போயிடும்?"

"இல்ல கண்ணு… கிலுகிலுப்பை காமிச்சா அடங்கிடுவான்னு பாத்தேன்…"

"அவன் என்ன பொம்மலாட்டம் பாக்கவா அழறான்?"

ஒரே வீச்சில் குனிந்து, ஒரே வீச்சில் பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள் மருமகள். எவ்வளவு சுலபமாகக் குனிகிறாள்! இளம் மூங்கில் வளைவதுபோல அந்த இடுப்பு வளைந்து நிமிர்ந்ததை அவள் பார்த்தாள். பொறாமை இல்லை. ஆனால் பொறாமைக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்த ஏதோ ஒன்று நெஞ்சைச் சுருக்கென்று குத்திவிட்டுப் போனது.

சாப்பாட்டு மேசையில் அவள் கணவர் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். தெரு முழுக்க அவருக்கு மெத்தைக்காரர் என்றுதான் பெயர். கூடத்தில் இத்தனை கூச்சல் நடக்க, தாளுக்கு மேலே அவருடைய நெற்றி மட்டும் தெரிந்தது.

"நான் கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்," என்றாள் மருமகள். "நேத்து சாயங்காலம் மருந்துக்கடைக்குப் போயிட்டு வரேன்… எதிர்ச் சாரியில நீங்க! கையை வீசி வீசி, ஓட்டப்பந்தயத்துல சேந்த மாதிரி நடக்கறீங்க. வீட்டுல குனிய மாட்டீங்க, பேரனைத் தூக்க மாட்டீங்க. ஊர் சுத்தறதுக்கு மட்டும் உடம்பு நல்லா வளையுதா?"

"ஊர் சுத்தலம்மா…"

"அப்புறம் எங்க போனீங்க? சொல்லுங்களேன்!"

அவள் குனியாமல் கையை நீட்டி, கிலுகிலுப்பையைக் கட்டிலுக்குள் போட்டாள்.

"முன்னாடி ஒரு தடவை, முதுகு பிடிச்ச மாதிரி இருக்குன்னு சொன்னீங்க. நான் அதை நம்பினேன் அத்தை. அன்னைக்கே மாமாகிட்ட போய்க் கேட்டேன், டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாமான்னு. 'அவ முதுகுல ஒரு குறையும் இல்லம்மா, இரும்பு மாதிரி இருக்கா'ன்னு சிரிச்சாரு. எங்கம்மாவுக்கு முதுகு வலி வந்தப்போ கட்டிலை விட்டு இறங்கவே இல்ல, தெரியுமா? வலின்னா அதுதான் வலி! வலிக்கிறவங்க யாராவது வாக்கிங் போவாங்களா?"

அவள் தன் கணவரைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லாதே என்றுதான் அவர் அவளிடம் கேட்டிருந்தார். அக்கறையோடு வந்து கேட்ட மருமகளிடம் பொய்யும் சொன்னார் என்பது அவளுக்கு இன்றுதான் தெரியும். இப்போதாவது அந்தத் தாள் இறங்கும், ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள்.

தாள் இறங்கவில்லை. பக்கம் திரும்பியது. அவ்வளவுதான்.

"விடுங்க," என்றாள் மருமகள், கண்ணைப் புறங்கையால் துடைத்தபடி. "லீவு முடியுது. நான் வேலைக்குப் போகணும். இன்னைக்கு மத்தியானம் எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பறேன். அங்கிருந்தே போயிக்கிறேன். இவனைத் தூக்க அங்க கை இருக்கு."

*

மெத்தைக்கடை பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்தது. வாசலுக்கு மேலே பெரிய பலகை. பலகையில் அவள் படம். வெள்ளைத் தலையணையில் கன்னத்தைப் பதித்து, கண்ணை மூடி, உதட்டில் சிரிப்போடு அவள் தூங்குகிறாள். கீழே கொட்டை எழுத்தில், 'நிம்மதியான தூக்கம், நோகாத முதுகு!' காசு கொடுத்து வேறு யாரையோ படம் பிடிப்பதா என்று அவளையே படுக்கவைத்துப் பிடித்தார். பேருந்துக்கு நிற்கிற அத்தனை பேரும் தான் தூங்குவதைப் பார்க்கிறார்களே என்று முதலில் உடம்பெல்லாம் கூசியது. பிறகு கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால்தான் இப்போது அவளுக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

கடை ஆரம்பித்த நாட்களில் கூலிக்கு ஆள் இல்லை. விற்ற மெத்தைகளை அவர்கள் இருவருமே சுமந்து கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மாடி வீடென்றால் அவர் மேல்முனையைப் பிடித்து முன்னே ஏறுவார். அவள் கீழ்முனையைத் தாங்கிப் பின்னே ஏறுவாள். படியில் ஏறும்போது பாரம் எந்தப் பக்கம் சரியும் என்பது சுமந்தவர்களுக்குத்தான் தெரியும். மூச்சு வாங்க அவர் திரும்பிப் பார்த்து, "கனமா இருக்கா?" என்பார். "இல்லீங்க," என்பாள். அந்த 'இல்லீங்க' அவள் வாயில் அப்படியே ஒட்டிக்கொண்டது. வருடங்கள் ஓடின. மகன் வளர்ந்து வண்டி ஓட்டத் தொடங்கினான். சுமக்க ஆட்கள் வந்தார்கள். சுமந்த பாரம் மட்டும் இடுப்புக்கு மேலே எங்கேயோ குடியேறிக்கொண்டு, காலையில் எழுந்ததும் முதல் ஆளாக அவளைக் கூப்பிட்டது.

பெல்ட் கட்டிப் பார்த்தாள். எண்ணெய் தேய்த்துப் பார்த்தாள். கடையிலேயே கனமான மெத்தையைக் கொண்டுவந்து போட்டார் அவர். அதில் படுத்து எழுந்தால் வலி இரண்டு மடங்காகியது. மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிவிட்டது. இனி மாத்திரையே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்து பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

"போயிட்டு வா," என்றார் மெத்தைக்காரர். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா காதும் காதும் வெச்ச மாதிரி இருக்கட்டும். பையன்கிட்ட கூட வேணாம். மருமக வாயில ஒண்ணும் நிக்காது. மெத்தைக்காரன் பொண்டாட்டிக்கே முதுகு வலின்னா கடையை இழுத்து மூட வேண்டியதுதான்…"

அவளும் சரியென்றாள். அதுவரை அவர் கெஞ்சுகிற குரலில் எதையுமே கேட்டதில்லை. அதற்காகவே சரியென்றாள்.

கண்ணாடிக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது அந்தக் கூடம். தரையில் பாய் விரித்து, முதுகு நொந்தவர்கள் வரிசையாகப் படுத்திருப்பார்கள். ஒரு தையல்காரர், ஒரு லாரி ஓட்டுநர், கல்லூரியில் பாடம் நடத்துகிற ஒரு அம்மாள். முதல் நாள், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, பூனை சோம்பல் முறிப்பதுபோல முதுகை வளைக்கச் சொன்னபோது அவளுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. இந்த வயதில், நாலு பேர் நடுவில், நாலு காலில்!

"என்னம்மா, தரையில ஏதாவது தொலைச்சிட்டீங்களா? அவ்வளவு உன்னிப்பா பாக்கறீங்க," என்று சிரித்தாள் சிகிச்சை தரும் பெண். அவளும் சிரித்துவிட்டாள். சிரித்ததும் முதுகு கொஞ்சம் இளகியது.

ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது. வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுத்துவிட்டு உடனே எழுந்து நடமாடுவது. தினமும் நடப்பது. வலித்தாலும், மெதுவாகவாவது நடப்பது.

"வலிக்குதுன்னா உள்ள ஏதோ ஒடையுதுன்னு நினைக்காதீங்க," என்றாள் அந்தப் பெண். "படுத்தே கிடந்தா முதுகு இன்னும் பயந்து போயிடும். அதுக்குக் கொஞ்சம் கொஞ்சமா தைரியம் சொல்லணும். வேற வழி இல்ல."

தைரியம் வரத்தான் செய்தது. பேரன் எடைக்கு ஒரு மணல் பையைக் கட்டி வைத்து, முழங்காலை மடக்கி இறங்கி, பையை நெஞ்சோடு அணைத்து எழுந்திருக்கப் பழக்கினாள் அந்தப் பெண். மணல் பையை அவள் அழகாகத் தூக்கினாள். வீட்டுக்கு வந்து கம்பிக் கட்டிலின் முன்னால் நின்றால் மட்டும் கை வராது.

காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சிகிச்சைக்குப் போவதற்கு முந்திய ஒரு காலையில், பேரனைத் தூக்கிய அந்தக் கணத்தில் முதுகு வெட்டி இழுத்தது. பிடி விட்டுப்போனது. குழந்தை கட்டிலுக்குள்ளேயே, துணியின் மேலேயே விழுந்தான். அடி எதுவும் இல்லை. விளையாட்டென்று நினைத்துச் சிரிக்கக்கூடச் செய்தான். அவன் சிரித்த அந்தச் சிரிப்புதான் அவளைக் கொன்றது. கட்டிலுக்கு வெளியே விழுந்திருந்தால்? கல் தரையில் விழுந்திருந்தால்?

"பக்கத்துல ஒருத்தரை நிக்க வெச்சுக்கோங்கம்மா," என்றாள் அந்தப் பெண். "பயம் தெளியற வரைக்கும். பிடிக்கக் கூட வேணாம், சும்மா நின்னா போதும்."

நிற்க ஆள் வேண்டுமென்றால் சொல்ல வேண்டும். சொல்லக்கூடாது என்றல்லவா வாக்குக் கொடுத்திருக்கிறாள்!

*

மத்தியானம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் பலகையையும் அவளையும் மாறி மாறிப் பார்ப்பதாகத் தோன்றியது. கடையில் அவர் மட்டும் இருந்தார். மகன் வண்டியில் சரக்கோடு போயிருந்தான்.

"என் முதுகுல குறையே இல்லன்னு அவகிட்ட சொன்னீங்களா?"

மெத்தைக்காரர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து மூடினார். "வேற என்ன சொல்லச் சொல்றே? அவ பல் டாக்டர் கிளினிக்ல முன் மேசையில வேலை பாக்கறவ. பல்லு வலின்னு வர்றவன் ஒவ்வொருத்தன் காதுலயும் போட்டுடுவா…"

"அவ கிளம்பறா. இன்னைக்கே. புள்ளையைத் தூக்கிட்டு… உங்களுக்கு உறைக்கலையா?"

"கோபம் தணிஞ்சா வந்துடுவா."

"என்னைப் பத்தி என்ன நினைச்சுக்கிட்டுப் போறா? பேரனைத் தொடப் பிடிக்காத பொம்பளைன்னு! காலையில ஒரு வார்த்தை… ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீங்க. நான் உங்க பொண்டாட்டிங்க. சாம்பிள் இல்ல."

அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வாசலில் ஆள் நிழல் ஆடியது. ஒரு பேருந்து நடத்துனர், சீருடையோடு, இடுப்பில் ஒரு கையை ஊன்றியபடி உள்ளே வந்தார். பின்னால் அவர் மனைவி. மெத்தைக்காரரின் முகம் நொடியில் மாறியது. அந்த முகமாற்றத்தை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். இன்றைக்குத்தான் பார்க்கக் கூசியது.

"வாங்க, வாங்க! முதுகுதானே? நடையிலேயே தெரியுது…"

"நாள் முழுக்க நின்னுக்கிட்டே போற வேலைங்க," என்றார் நடத்துனர். "ராத்திரி படுத்தா காலையில இவதான் என்னை உருட்டி விடறா."

"உருட்டினா எந்திரிக்கிறாரா? திட்டத்தான் வாய் எந்திரிக்குது," என்றாள் அவர் மனைவி.

மெத்தைக்காரர் பெரிதாகச் சிரித்தார். "கவலையை விடுங்க. இதோ, பலகையில பாத்தீங்களே, அது இவங்கதான். என் சம்சாரம். இத்தனை வருஷமா நம்ம மெத்தைதான். முதுகு வலின்னா என்னன்னே தெரியாது!"

"ஆமா, தெரியாது."

வாசலிலிருந்து வந்தது அந்தக் குரல். மருமகள் நின்றிருந்தாள். தோளில் பை, இடுப்பில் குழந்தை, கையில் வீட்டுச் சாவி. சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தாள். "அத்தைக்கு ஒரு வலியும் கிடையாதுங்க. பேரனைத் தூக்கத்தான் கை வராது."

நடத்துனரின் மனைவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவளுக்குக் காது மடல்வரை சுட்டது. கணவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் மெத்தையைத் தட்டி, "கொஞ்சம் படுத்துக் காட்டேன்," என்றார்.

அந்நியர் முன்னால் அவரை எதிர்த்து அவளுக்குப் பழக்கமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தாள். கடையிலேயே ரொம்ப மிருதுவான மெத்தை அது. இடுப்பு உள்ளே அமிழ்ந்தது. எங்கேயோ ஒரு சதை இறுகிப் பூட்டிக்கொண்டது.

"நல்லாத்தான் இருக்கும் போல," என்றார் நடத்துனர். "எந்திரிங்கம்மா, நானும் படுத்துப் பாக்கறேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. முடியவில்லை. கூரையில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

"வெக்கப்படறாங்க…" என்று சிரித்துக்கொண்டு மெத்தைக்காரர் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஐயோ!"

அந்தச் சத்தம் தன் தொண்டையிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. பேரன் மிரண்டு தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். நடத்துனர் ஓரடி பின்வாங்கினார்.

"விடுங்க… இழுக்காதீங்க. நானே எந்திரிக்கிறேன்."

கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சை ஆழமாக இழுத்து மெல்ல விட்டாள். ஒரு முழங்காலை மடக்கினாள். பிறகு மற்றொன்றை. பக்கவாட்டில் ஒருக்களித்துப் புரண்டு, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றித் தன்னைத் தானே தள்ளி நிமிர்த்தினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாடிக் கூடத்தில் நாலு காலில் நின்றபோது பட்டதெல்லாம் வெட்கமே இல்லை என்று இப்போது தெரிந்தது. முகத்தில் வியர்வையா கண்ணீரா என்று தெரியாமல் வழிந்ததை முந்தானையில் ஒற்றிக்கொண்டாள்.

"அத்தை…" மருமகள் வாசலிலிருந்து உள்ளே வந்தாள். "என்ன அத்தை இது?"

"ஒண்ணுமில்ல கண்ணு. கொஞ்சம் பிடிச்சுக்கிச்சு. அவ்வளவுதான்… மாமா மேல ஒண்ணும்—"

"ஒண்ணுமில்லன்னு சொல்லாதே!"

மெத்தைக்காரர்தான். அவர் குரல் அப்படி உடைந்து அவள் கேட்டதில்லை. அவளை இழுத்த கையை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார், அது ஏதோ தப்பு செய்துவிட்ட கை என்பதுபோல.

"இப்பவும் எனக்காகத்தான் பேசறா பாரு… அம்மாடி, உங்க அத்தைக்கு வலி இருக்கு. வருஷக்கணக்கா இருக்கு. அவ சாயங்காலம் ஊர் சுத்தப் போகல. கண்ணாடிக் கடை மாடியில சிகிச்சைக்குப் போறா. நடக்கச் சொல்லியிருக்காங்க, நடக்கறா. எனக்கு எல்லாம் தெரியும். நான்தான் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னேன். நீ வந்து கேட்டப்போ உன்கிட்ட பொய் சொன்னதும் நான்தான். காலையில நீ அவ்வளவு கேட்டே… அவ என்னைப் பாத்தா. நான் பேப்பரைத் திருப்பினேன். அதுல ஒரு எழுத்து கூட நான் படிக்கல." அவர் மெத்தை விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தார். "பலகையைக் காப்பாத்தறதா நினைச்சு, இவளை விட்டுட்டேன்."

வெளியே ஒரு பேருந்து வந்து நின்று, கிளம்பிப் போனது. முதலில் தொண்டையைக் கனைத்தது நடத்துனரின் மனைவி.

"அந்த மாடி… கண்ணாடிக் கடைன்னா, எந்தக் கண்ணாடிக் கடைங்க?"

மெத்தைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து வாசல்வரை போய், கையை நீட்டி அவரே வழி சொன்னார். "நேரா போயி, இடது கைப் பக்கம் திரும்புங்க. மாடிப்படி குறுகலா இருக்கும்… மெதுவா ஏறுங்க." மெத்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நடத்துனர் போகிற போக்கில் அவளிடம் தலையசைத்து, "எப்படி எந்திரிச்சீங்களோ, அதை மட்டும் மனசுல வாங்கிக்கிட்டேம்மா," என்றுவிட்டுப் போனார்.

மருமகள் தோளிலிருந்த பையை இறக்கிக் கீழே வைத்தாள். குழந்தையை மெத்தையில் உட்கார வைத்துவிட்டு, அத்தையின் காலடியில் மடிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"வாயில வந்ததெல்லாம் பேசினேனே… நாக்கைப் பிடுங்கிக்கணும் போல இருக்கு. ஏன் அத்தை சொல்லல? நான் அவ்வளவு அந்நியமா?"

"உன் மேல இல்லடா கோபம்… என் மேலதான். ஒரு நாள் அவனைத் தூக்கும்போது கை விட்டுப்போச்சு. கட்டிலுக்குள்ளதான் விழுந்தான். ஆனா அன்னையிலேர்ந்து… அவன் கையை நீட்டினாலே எனக்கு உடம்பு நடுங்குது. பெத்தவகிட்ட இதை எந்த முகத்தோட சொல்லுவேன்?"

சொல்லிவிட்டாள். மருமகள் எழுந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள் என்று காத்திருந்தாள். அவள் போகவில்லை. இரண்டு கைகளாலும் அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுகைக்கு நடுவில் திடீரென்று கையைத் தளர்த்தி, "இறுக்கிப் பிடிச்சிட்டேனா? வலிக்குதா?" என்று பதறினாள்.

"வலிக்கல," என்று சொல்லத் தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். "கொஞ்சம் வலிக்குது," என்றாள்.

அப்படிச் சொன்னதற்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்கம் உடம்பைச் சுருக்கவில்லை.

மெத்தையில் உட்கார்ந்திருந்த பேரன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, எப்போதும்போல, அவளை நோக்கிக் கைகளை நீட்டினான்.

அவள் தயங்கினாள். மருமகளைப் பார்த்தாள். "நீ… பக்கத்துல நிக்கறியா?"

"நிக்கிறேன் அத்தை."

எழுந்து நின்று காலை அகட்டி வைத்தாள். முழங்காலை மடக்கி இறங்கினாள். அவன் அக்குளுக்குள் கைகொடுத்து, நெஞ்சோடு சேர்த்து அணைத்தாள். மருமகளின் இரண்டு உள்ளங்கைகளும் கீழே விரிந்து காத்திருந்தன, தொடாமல். கொஞ்சம் தள்ளி மெத்தைக்காரரும் இரண்டு கைகளை ஏந்திக்கொண்டு அசட்டுத்தனமாக நின்றார். மூச்சை விட்டுக்கொண்டே எழுந்தாள்.

பேரன் கனத்தான். மணல் பைபோல அசையாமல் இருக்கவில்லை. துள்ளினான், அவள் மூக்கைப் பிடித்தான், கன்னத்தில் எச்சில் ஈரத்தோடு வாயை வைத்து அழுத்தினான். முதுகு முனகியது. முனகட்டும் என்று நின்றாள்.

"போதும் அத்தை… குடுங்க," என்றாள் மருமகள் கவலையோடு.

"இரு," என்றாள் அவள். "இன்னும் கொஞ்சம்."